இருபத்தாறு பெட்டிகளும் ஒரு கையெழுத்தும்

பனி இறங்கும் மாதங்களில் அந்தத் தெருவுக்கு விடிவதே இல்லை. கறுப்பு வெளுப்பாகும், அவ்வளவுதான். தெரு முனையில் சோப்புத் தொழிற்சாலை. அதன் புகைபோக்கியிலிருந்து வருவது பனியோடு கலந்து, எது பனி எது புகை என்று தெரியாமல் வீடுகளின் ஜன்னல்மேல் வந்து சாய்ந்துகொள்ளும். திங்கட்கிழமை எலுமிச்சை வாசனை. புதன்கிழமை ரோஜா. வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு மரத்தின் வாசனை, யாராலும் பெயர் சொல்ல முடியாதது. பெட்டி செய்கிற வீட்டில் யாரும் கிழமை பார்க்கக் காலண்டரிடம் போனதில்லை.

வரிசையாக மூன்று அறை கொண்ட வீடு அது. முன்னறையில் அட்டை வெட்டும் இயந்திரம். அதை ஓட்டுகிறவன் புருஷன். பின்னறையில் நீளமான மேசை, பசை வாளி, தூரிகை. அங்கே உட்கார்ந்து ஒட்டுவது அவனுடைய அக்கா. நடு அறையில் கம்ப்யூட்டர். அதன்முன் உட்கார்ந்து பெட்டிகளை வரைகிறவள் அவன் மனைவி. எப்போதும் ஒரு அடி நீள இரும்பு ஸ்கேலைக் கொண்டையில் குத்தி வைத்திருப்பாள் என்பதால் நாத்தனார் அவளை ஸ்கேலு என்றுதான் கூப்பிடுவாள். தொழில் அவள் பெயரில் பதிவாகியிருந்தது. பதிவு செய்ய வேண்டிய அன்றைக்குப் புருஷனுக்குக் காய்ச்சல். வேறு காரணம் இல்லை.

பெட்டி வரைகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பிரித்துப் போட்டுத்தான் பார்ப்பார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாக அந்த வியாதி. பஸ்ஸைப் பார்த்தால் நான்கு பக்கமும் விரிந்து தரையில் படுக்கும். எதிர்வீட்டுக் கூரை இரண்டாக மடிந்து இறங்கும். எங்கே வெட்டுக் கோடு, எங்கே மடிப்புக் கோடு, பசை தடவ ஒரு விரல் அகலக் காதை எந்தப் பக்கம் விடுவது என்று யோசித்தபடியே தூங்கிப்போவாள். கனவில் ஆட்கள்கூடத் தட்டையாகத்தான் வருவார்கள்.

கடிதம் ரோஜா நாளில் வந்தது. தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி அனுப்பியிருந்தார். அடுத்த வருஷத்துக்கும் பெட்டி ஆர்டர் வேண்டுமானால் வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் காலை பத்து மணிக்கு இருபத்தாறு வகைக்கும் ஒவ்வொரு மாதிரி கொண்டுவர வேண்டும். கூடவே ஓர் உறுதிமொழி. இந்த இருபத்தாறு பெட்டிகளும் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் உள்ள மென்பொருளில் வரையப்பட்டவை என்று உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

நடு அறைக் கம்ப்யூட்டரில் இருந்தது திருட்டு மென்பொருள். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏற்றிக் கொடுத்தது. திறக்கும்போதெல்லாம் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் வந்து உரிமம் கேட்கும். அவள் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பாள். ஜன்னலைத் தட்டுகிற பூச்சியைப் போல அது பழகிவிட்டிருந்தது.

"போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்றான் புருஷன். "யார் வந்து கம்ப்யூட்டரத் தொறந்து பாக்கப்போறா?"

"அந்த அட்டைக் குழாய் செய்யற வீட்டுல வந்து பாத்தாங்களாம்ல."

"அது அவங்க ராசி."

"ராசியா? பொய்க் கையெழுத்துன்னு ஆர்டரை நிறுத்திட்டாங்க. இப்ப அந்த மனுஷன் மார்க்கெட்ல மூட்டை தூக்கறாரு. கையெழுத்து உங்க பேர்ல இருந்தா எனக்கென்ன, போடுங்கன்னுருவேன். என் பேரு. நான் போட மாட்டேன்."

"அப்ப காசு குடுத்து வாங்கு."

வருஷா வருஷம் கட்ட வேண்டிய தொகையை அவள் படித்துக் காட்டினாள். அவன் சிரித்தான். சிரித்து முடித்ததும் இயந்திரத்துக்குத் திரும்பிப் போனான். இந்த ஆர்டர் இல்லாவிட்டால் அந்த இயந்திரத்துக்கு வேலை இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும்.

மறுநாளிலிருந்து அவள் தேடினாள். காலையில் ஜன்னல் வெளுக்கும்போது உட்காருவாள். இலவசம், இலவசம் என்று திரை முழுக்கப் பலகை மாட்டிய கடைத்தெருதான். முதலில் கிடைத்தது அழகாக இருந்தது. இறக்கி, மூன்று பெட்டி வரைந்தும் பார்த்துவிட்டாள். பிறகு உரிமப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: வீட்டு உபயோகத்துக்கும் படிப்புக்கும் மட்டும்.

"நாம வீட்லதானே இருக்கோம்?" என்றாள் நாத்தனார், கையில் தூரிகையோடு வந்து நின்று.

"வித்துக் காசு வாங்கறோமே அண்ணி."

"அப்ப வீட்டுக்குள்ள என்ன செஞ்சா அவனுக்குச் சம்மதமாம்? மேலையும் கீழையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

இரண்டாவது, முப்பது நாளைக்கு மட்டும் இலவசம். மூன்றாவதில் எல்லாம் சரி. ஆனால் அச்சடித்தால் பெட்டியின் வயிற்றில் குறுக்கே தன் பெயரை எழுதிக்கொண்டது. நான்காவது, வணிகத்துக்கும் இலவசம் என்றது. இரண்டு பேருக்குமேல் வேலை செய்கிற இடமென்றால் கிடையாதாம்.

"என்னைக் கணக்குல சேக்காதே" என்றாள் நாத்தனார். "நான் வேலையா செய்யறேன்? தம்பி வீட்டுக்கு வந்தவ, சும்மா உக்கார முடியாம ரெண்டு பெட்டி ஒட்டறேன்."

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் ஒட்டறீங்க."

"கை அரிக்குது, ஒட்டறேன். அதையும் எழுதிக் குடுக்கணுமா?"

அவள் சிரித்தாள். ஆனாலும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டாள்.

ஐந்தாவதுக்கு அலங்காரமே இல்லை. சாம்பல் நிறப் பக்கம், நடுவில் ஒரு பொத்தான். உரிமம் மட்டும் நீளமாக இருந்தது. வக்கீல் பாஷை. அவள் ஒரு வரி படிப்பாள், விளங்காத சொல்லை அகராதியில் தேடுவாள், திரும்ப வருவாள். எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம். எத்தனை கம்ப்யூட்டரிலும் போடலாம். பிறருக்கு நகல் கொடுக்கலாம். உள்ளே திறந்து மாற்றலாம். சொற்கள் பனியில் வருகிற ஆட்களைப் போல மங்கலாக வந்து, கிட்டே வந்ததும் முகம் காட்டின. தடுக்கிற வரி எங்காவது இருக்கும் என்று தேடித் தேடி அவள் கடைசிவரை போய்ச் சேர்ந்தாள். இல்லை.

"எங்கேயாச்சும் வச்சிருப்பான்" என்றான் புருஷன். "சும்மா குடுக்கறவன் எவன் இருக்கான்? இதைச் செஞ்சவன் சோத்துக்கு என்ன பண்ணுவான்?"

"நிறைய பேர் சேந்து செஞ்சிருக்காங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்ததுகூடக் கிடையாதாம். வேற வேலை பாத்துக்கிட்டு, மிச்ச நேரத்துல இதைச் செய்யறாங்க."

"வேலை பாத்துட்டு மறுபடியும் வேலையா? பொண்டாட்டி கூடச் சண்டையா இருக்கும்."

அவளுக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. கேள்வி கேட்கிற பகுதி ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தது. அங்கே எழுதினாள்: நான் பெட்டி வரைந்து விற்கிறேன். இதில் வரையலாமா? காசு வாங்கலாமா? இரண்டு நாள் யாரும் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் காலையில் பதில் வந்திருந்தது. பெயருக்குப் பதிலாக ஏதோ எண். இரண்டே வரி. "வரையலாம். வாங்கலாம். என்ன மாதிரிப் பெட்டிகள்?"

கடைசிக் கேள்வியை அவள் பலமுறை படித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் எவரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. எத்தனை, எப்போது, என்ன விலை என்றுதான் கேட்பார்கள். பதில் எழுத உட்கார்ந்தாள். என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு பெட்டியைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள்.

இனி இருபத்தாறையும் புதிதாக வரைய வேண்டும். பழைய வரைபடங்கள் புதியதில் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டாள். திருட்டில் பிறந்தது திருட்டுத்தான் என்று நினைத்தாள். அந்த மஞ்சள் கட்டத்தை மறுபடி பார்க்கவே கூடாது என்றிருந்தது. அலமாரியில் ஒவ்வொரு வகையிலும் ஒட்டின பெட்டி ஒன்று இருந்தது. அதைப் பிரித்து, விரித்து, அளந்து வரைந்தால் போயிற்று.

பிரிப்பதுதான் நடக்கவில்லை. நகத்தால் கீறினால் அட்டை கிழிந்தது.

"நான் ஒட்டினா ஒட்டினதுதான்" என்றாள் நாத்தனார். அவள் முகத்தில் அத்தனை திருப்தி. "உன் புருஷன் பொறந்தப்ப அவன் காது ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அதையே எங்கம்மா பிரிச்சிட்டாங்க. இதைப் பிரி பாக்கலாம்."

"என் காதை எதுக்கு இழுக்கறே?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"பேசறது மட்டும் கேக்குது பாரு. இயந்திரம் ஓடுனா எதுவுமே கேக்காதும்பான்."

கடைசியில் நாத்தனாரே வழி சொன்னாள். கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதன் மூக்கிலிருந்து வரும் ஆவியில் ஒட்டின காதைக் காட்டினால் பசை இளகும். அவள் பிடித்தாள், நாத்தனார் இழுத்தாள். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விடுவது போல விரிந்தன. பின்னறை முழுக்க ஆவி. வெளியே பனி. கண்ணாடியின் இரண்டு பக்கமும் வெள்ளை. அந்த நான்கு நாட்களும் வீடு தரையில் இருந்ததா மேகத்தில் இருந்ததா என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. ஈரம் காயுமுன் ஸ்கேலை வைத்து அளப்பாள், எழுதிக்கொள்வாள், வரைவாள். புதிய மென்பொருள் நிதானமாகத் திறக்கும். மூலையில் எந்தக் கட்டமும் வராது. மதியம் கஞ்சியைக் கிண்ணத்தோடு மேசைக்குக் கொண்டுவந்து வைத்தாள் நாத்தனார். ஆறிப்போகும். அதையே குடித்துவிட்டு மறுபடியும் வரைவாள். புதன்கிழமை மாலை இருபத்தாறாவது முடிந்தது. புருஷன் வெட்டினான், நாத்தனார் ஒட்டினாள். வரிசையாக அடுக்கிவைத்தபோது மூன்று பேரும் கொஞ்சநேரம் நின்று பார்த்தார்கள். அந்த வீட்டில் அப்படி நிற்கிற வழக்கம் இல்லை.

வியாழக்கிழமை காலை அவளும் புருஷனும் இரண்டு பெரிய பைகளோடு தொழிற்சாலைக்குப் போனார்கள். கொள்முதல் அதிகாரி கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருக்கும் அம்மாள். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கலாம். அவர் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து ஒரு சோப்பை எடுத்தார். முதல் பெட்டிக்குள் போட்டார். மூடினார். காதருகே வைத்து ஆட்டினார்.

கடக் கடக் என்றது.

"என்னம்மா இது? உள்ள சோப்பு நடமாடுது."

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் சத்தம் குறைவு, ஆனால் இருந்தது. பத்தாவதோடு அம்மாள் நிறுத்திக்கொண்டார். "லாரில போற வழியில முனை உடைஞ்சிரும். இத்தனை வருஷம் சரியாத்தானே இருந்துச்சு?"

அவள் கொண்டையிலிருந்து ஸ்கேலை உருவினாள். பெட்டியை வாங்கி ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். வரைந்த அளவு அப்படியே இருந்தது. வரைந்த அளவேதான் சோப்புக்குப் பெரியது. எல்லாவற்றிலும் ஒரு மில்லிமீட்டர், சிலதில் ஒன்றரை.

புருஷன் தொண்டையைச் செருமினான். "மேடம், இன்னொரு செட்டு இருக்கு." இரண்டாவது பையின் அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டை எடுத்தான். அவளுக்கு அது எப்போது வெட்டப்பட்டது என்றே தெரியாது. "எதுக்கும் இருக்கட்டும்னு" என்றான், அவளைப் பார்க்காமல்.

சோப்பு உள்ளே போனது. அம்மாள் ஆட்டினார். சத்தமே இல்லை. "இதையில்ல முதல்ல குடுத்திருக்கணும்? வேடிக்கை காட்டறீங்களா? சரி, அந்த உறுதிமொழில கையெழுத்தைப் போடுங்க. பதினோரு மணிக்கு எனக்கு மீட்டிங்."

பேனா நீண்டது. அவள் வாங்கவில்லை.

"மேடம், இது பழைய வரைபடம்."

"அதனால?"

"அதுல உரிமம் கிடையாது."

புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்தா பாரும்மா" என்றார் அம்மாள். குரல் தணிந்திருந்தது. "எனக்குப் பெட்டி சரியா இருக்கணும். தாள்ல கையெழுத்து இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு நான் கேட்டேனா?"

"நீங்க கேக்கல. நான்தானே போடறேன்."

சொல்லும்போதே அவள் கண் முதல் பெட்டியின் விளிம்பில் இருந்தது. கெட்டிலின் மூக்கு, ஆவி, கையில் நெளிந்த அட்டை. மழைநாளில் புருஷன் அட்டையை வெட்டவே மாட்டான். ஈரம் குடித்தால் அட்டை நீளும், காய்ந்ததும் சுருங்கிக் கோணும் என்பான். தொழிலில் அரிச்சுவடி அது. வெட்டும்போது மூன்று பேருக்கும் ஞாபகம் இருந்தது, அளக்கும்போது ஒருத்தருக்கும் இல்லை.

"ஆவில காட்டி அளந்திருக்கேன்" என்றாள் புருஷனிடம். "ஊறின அட்டை."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நானும் வந்து பாத்துட்டுத்தானே போனேன்."

"மேடம், அந்தச் சோப்பைக் குடுங்க. உங்க கம்ப்யூட்டரையும் கொஞ்சம்."

"எதுக்கு?"

"இங்கயே ஒண்ணு வரைஞ்சு காட்டறேன். பெட்டியை அளந்ததுதான் தப்பு. சோப்பை அளந்தா தப்பு வராது." பன்னிரண்டு வருஷத்தில் பெட்டிக்குள் போகும் பொருளை அவர்கள் கேட்டு வாங்கியதே இல்லை. அளவு எழுதின தாள் வரும், வரைந்து முடிந்ததும் குப்பைக்குப் போகும், அதோடு சரி.

"என் கம்ப்யூட்டர்ல கண்டதையும் ஏத்தக் கூடாதும்மா. உங்களுக்கு வந்த மாதிரியே எங்களுக்கும் தலைமை ஆபிஸ்லேர்ந்து கடுதாசி வந்திருக்கு."

"இதை ஏத்தலாம். ஆபிஸ்லயும் ஏத்தலாம். எத்தனை வேணாலும் ஏத்தலாம். நான் பதினோரு தடவை படிச்சிருக்கேன்."

"நீ படிச்சா ஆச்சா? நானும் படிக்கணுமே."

அம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். உரிமப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலை வரிக்கு வரி ஓட்டி, உதடு அசையப் படித்தார். பதினோரு மணி ஆனது. யாரோ வந்து கதவைத் தட்டி மீட்டிங் என்றார்கள். "ஆரம்பிக்கச் சொல்லு" என்று திரும்பாமலே சொன்னார். படித்து முடித்தபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "தடுக்கற வரியே இல்லையே."

"நானும் தேடினேன் மேடம்."

"சரி, ஏத்து."

அவள் உட்கார்ந்தாள். சோப்பை மேசைமேல் நிறுத்தி நீளம், அகலம், உயரம் அளந்தாள். அட்டையின் கனத்தைக் கூட்டினாள். ஜன்னலுக்கு வெளியே பனி மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை முற்றம் ஒரு சுவர், ஒரு கூரை, ஒரு வாசல் என்று துண்டு துண்டாக வெளியே வந்தது. அவள் கை தானாக ஓடியது. வெட்டுக் கோடு, மடிப்புக் கோடு, காது, மூடியைச் செருகும் நாக்கு. அந்த அறையில் தானும் ஒரு தட்டைத் தாளாக இருப்பதாகவும், யாரோ தன்னை நிதானமாக மடித்து நிமிர்த்துவதாகவும் அவளுக்குத் தோன்றியது. அச்சடித்த தாளை அம்மாளின் பேக்கிங் அட்டைமேல் வைத்துப் புருஷன் காகிதக் கத்தியால் வெட்டினான். ஒட்ட நேரமில்லாமல் டேப்பைச் சுற்றினார்கள்.

சோப்பு இறங்கியது. அம்மாள் ஆட்டினார். புருஷனிடம் கொடுத்தார். அவனும் ஆட்டினான். சத்தம் இல்லை.

"இப்பப் போடு" என்றார் அம்மாள்.

அவள் பேனாவை வாங்கி, உறுதிமொழியில் இருபத்தாறு என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே ஒன்று என்று எழுதினாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.

அம்மாள் அந்தத் தாளைக் கொஞ்சநேரம் பார்த்தார். "முப்பது வருஷமா தாள் வாங்கி வைக்கறேன். குறைச்சு எழுதினவளை இன்னைக்குத்தான் பாக்கறேன். மிச்சம்?"

"சனிக்கிழமை. ஒவ்வொண்ணுலயும் ஒரு சோப்பு குடுத்தீங்கன்னா."

"சனிக்கிழமை மதியம் பன்னண்டு மணி. அதுக்கு மேல என் கையில இல்ல." அலமாரியைத் திறந்து இருபத்தைந்து சோப்புகளை எடுத்து வைத்தார். அம்மாளின் கம்ப்யூட்டரிலிருந்து அவள் மென்பொருளை நீக்கப் போனாள். அம்மாள் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இருக்கட்டும். விலைச் சீட்டு, நோட்டீஸ் எல்லாம் நான்தான் வரையறேன். அதுக்கு இதுல ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் மாட்ட வந்தவர் போட்டது. அதுவும் உன் பழசு மாதிரிதான். திங்கட்கிழமை நானும் கையெழுத்துப் போடணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேர்க்கோடு எப்படிப் போடறது, அதை மட்டும் காட்டிட்டுப் போ."

காட்டினாள். முதல் கோடு வளைந்தது. இரண்டாவது நேராக வந்தது.

வெளியே வந்தபோது வெயில் என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று தெருவில் விழுந்திருந்தது. புருஷன் பழைய கட்டை வாசல் குப்பைத் தொட்டியருகே வைத்து, ஒவ்வொரு பெட்டியாகக் காலால் மிதித்துத் தட்டையாக்கி உள்ளே போட்டான். சோப்புப் பையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

பாதித் தெரு வந்ததும் பேசினான். "இருந்தாலும் அந்த அம்மா ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லலை பாத்தியா? சும்மா கிடைச்சிருக்கு. நாமதானே கொண்டுபோய்க் குடுத்தோம்."

"நமக்கும் சும்மாத்தானே கிடைச்சுச்சு. நாம யாருக்குச் சொன்னோம்?"

அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே நடந்தான். நடையைக் கூட்டினான். பைக்குள் பெட்டி இல்லாத சோப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வந்தன.